எரிபொருளை யார் பார்ப்பது? யுனைடெட் 173 விபத்தும் சூழ்நிலைவழி விமானப் பயிற்சியும்

1978 டிசம்பர் 28 மாலை. யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ஆம் எண் விமானம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு எஞ்சின் கொண்ட டிசி-8. நியூயார்க்கில் புறப்பட்டு, டென்வரில் நின்று வந்திருந்தது. உள்ளே 181 பயணிகளும் 8 ஊழியர்களும் இருந்தார்கள். வானிலையில் குறையில்லை. தரையிறங்கச் சில நிமிடங்களே பாக்கி. ஆனால் அந்த விமானம் அதன்பின் ஒரு மணி நேரம் வானத்திலேயே சுற்றியது. எரிபொருள் தீர்ந்து, நான்கு எஞ்சின்களும் அணைந்து, விமான நிலையத்துக்குச் சுமார் 6 மைல் தொலைவில் ஒரு புறநகர்ப் பகுதியில் மரங்களை முறித்துக்கொண்டு விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். தொட்டிகளில் எரிய ஏதும் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை. மற்றவர்கள் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைவிடப் பல மடங்கு உயிர்களைப் பறித்த விபத்துகள் உண்டு. ஆனால் ஒரு விமானிக்கு எதை, எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியை இந்த அளவுக்குக் கிளறிவிட்ட விபத்துகள் மிகச் சில. கோளாறுகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரு முழுப் பறப்பின் சூழ்நிலைக்குள் வைத்துக் கற்பிப்பது, அதாவது சூழ்நிலைவழிப் பயிற்சி என்று இன்று விமானப் பள்ளிகளில் பேசப்படுவதன் உட்பொருளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மணி நேரத்தை நிதானமாகப் பார்ப்பதே சிறந்த வழி என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு மணி நேரம்

டென்வரில் நிரப்பிய எரிபொருள் 46,700 பவுண்டு. போர்ட்லாந்து வரைக்கும் தேவைப்பட்டது 31,900. மிச்சத்தில் 45 நிமிடம் அரசு விதிப்படியான கையிருப்பு, 20 நிமிடம் நிறுவனத்தின் கூடுதல் கையிருப்பு. ஆக, போர்ட்லாந்துக்கு மேலே வந்தபின் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறக்கலாம். இந்தக் கணக்கு புறப்படும்போதே காக்பிட்டில் இருந்த கேப்டன், துணை விமானி, எரிபொருளையும் எஞ்சின்களையும் கண்காணிக்கும் ஃப்ளைட் இன்ஜினியர் மூவருக்கும் தெரியும்.

மாலை 5:10 வாக்கில் சக்கரங்களை இறக்கியபோது வலப்பக்கத்தில் பலமான அதிர்வு. விமானம் ஒரு பக்கமாகத் திரும்பியது. வலப்புற முதன்மைச் சக்கரத்தை மடக்கி இறக்கும் உருளையின் தண்டு துருப்பிடித்து முறிந்திருந்ததால் சக்கரம் தடையின்றி வேகமாக விழுந்திருக்கிறது. அந்த அதிர்ச்சியில், சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கின் இணைப்பு பழுதாகிவிட்டது. பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் என்னவோ இறங்கித்தான் இருந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டால் இறக்கையின் மேற்பரப்பில் எழும்பும் அடையாளத்தை ஃப்ளைட் இன்ஜினியர் பின்னால் போய்ப் பார்த்து, பூட்டியதுபோலத்தான் தெரிகிறது என்றும் சொன்னார்.

கேப்டன் மால்பர்ன் மக்புரூம் 27,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்த அனுபவம் உள்ளவர். அவர் எடுத்த முதல் முடிவில் தவறேதும் இல்லை: 5,000 அடியில் சுற்றுவோம், செக்லிஸ்ட்டை முடிப்போம், சக்கரம் மடிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயணிகளைத் தயார்படுத்துவோம். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவோடும் பேசினார்கள். கையில் 7,000 பவுண்டு இருக்கிறது, இன்னும் 15 அல்லது 20 நிமிடம் சுற்றப்போகிறோம் என்று அப்போது கேப்டன் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணிக்கையை அவரே சொன்னார். ஆனால் அந்த எண் எந்தக் கெடுவையும் கொண்டுவரவில்லை.

அதன்பிறகு காக்பிட் ஒலிப்பதிவில் எரிபொருள் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. 5:46 தாண்டியதும் துணை விமானி கேட்கிறார், 5,000 என்று பதில் வருகிறது. எஞ்சின்களுக்கு எரிபொருளை அனுப்பும் ஊட்டுப் பம்புகளின் எச்சரிக்கை விளக்குகள் மினுங்கத் தொடங்குகின்றன. எரிபொருள் இந்த அளவுக்குக் குறைந்தால் விளக்கு மினுங்குவது எதிர்பார்த்ததுதான் என்று பேச்சு நகர்ந்துவிடுகிறது. 5:50-க்கு, இன்னும் பதினைந்து நிமிடம் கழித்து இறங்குவதாக வைத்துத் தரையிறங்கும் எடையைக் கணக்கிடும்படி கேப்டன் கேட்கிறார். பதினைந்து நிமிடம் என்றால் எரிபொருள் ரொம்பவே குறைந்துவிடும் என்கிறார் ஃப்ளைட் இன்ஜினியர். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. 5:57-க்கு, எரிபொருள் மானிகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அதே மனிதரை, பயணிகள் பகுதியில் ஏற்பாடுகள் எப்படிப் போகின்றன என்று பார்த்துவர அனுப்புகிறார் கேப்டன். அவர் திரும்பி வந்து 6:02-க்குச் சொல்கிறார்: கிட்டத்தட்ட மூவாயிரம், அவ்வளவுதான். அதற்குக் கேப்டன் சொல்வது, தரையிறங்கும்போது சக்கரம் மடிந்தால் எந்தப் பம்புகளை அணைக்க வேண்டும் என்பது. மூவாயிரம் என்ற சொல் காதில் விழுந்தது. மனம் இன்னும் சக்கரத்தில் இருந்தது.

6:06-க்குப் பயணிகள் தயார் என்று விமானப் பணிப்பெண் வந்து சொல்கிறார். சரி, இறங்கப்போகிறோம் என்கிறார் கேப்டன். அந்த நொடியில்தான் முதல் எஞ்சின் அணைகிறது. ஏன் என்று கேட்கிறார். எரிபொருள் என்று பதில். ஏழு நிமிடத்துக்குப் பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ‘மேடே’ என்ற உயிராபத்து அழைப்பு போகிறது. 6:15-க்கு விமானம் விழுந்தது. இறந்த பத்துப் பேரில் அந்த ஃப்ளைட் இன்ஜினியரும் ஒருவர்.

அவர்களுக்கு எது கற்பிக்கப்படவில்லை

இந்த மூவரும் பயிற்சியில் தேறியவர்கள். சக்கரம் இறங்காவிட்டால் கையால் இறக்குவது, எஞ்சின் அணைந்தால் மீண்டும் இயக்குவது, குறைந்த பார்வைத் தெளிவில் தரையிறங்குவது எல்லாவற்றையும் சிமுலேட்டரில் செய்து காட்டியவர்கள். ஆனால் அக்காலப் பயிற்சி ஒவ்வொரு கோளாறையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தது. பயிற்றுநர் ஒரு எஞ்சினை அணைப்பார். விமானி சரியான செயல்முறையைச் செய்வார். சிமுலேட்டரை நிறுத்தி, அடுத்த கோளாறுக்குப் போவார்கள். மதிப்பெண் அந்த ஒரு விமானிக்கு மட்டும். சக்கரக் கோளாறுப் பயிற்சியின்போது எரிபொருள் தீராது. எரிபொருள் பற்றிய பயிற்சியின்போது பணிப்பெண் கதவைத் திறந்து உள்ளே வரமாட்டார். மூன்று பேர் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை யாரும் பார்க்கவுமில்லை, மதிப்பிடவுமில்லை.

நிஜத்தில் எல்லாம் ஒன்றாக வந்தது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: எரிபொருளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், ஆனால் பவுண்டில் பேசினார்கள். மீதி எரிபொருளை நேரத்தோடும் விமான நிலையத்துக்குப் போகும் தூரத்தோடும் பொருத்திப் பார்த்ததாகப் பதிவில் தெரியவில்லை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 220 பவுண்டு எரிந்துகொண்டிருந்தது. 5,000 என்றால் இருபத்து மூன்று நிமிடம்கூட இல்லை. ‘ஐயாயிரம்’ என்பதைக் கேட்டுவிட்டு இன்னொரு செக்லிஸ்ட்டைத் தொடங்க முடியும். ‘இன்னும் இருபத்திரண்டு நிமிடத்தில் எஞ்சின்கள் அணையும், இப்போதே திரும்புங்கள்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சக்கர விளக்கை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1979 ஜூனில் தன் அறிக்கையை முடித்தது. எரிபொருள் நிலையைக் கேப்டன் கண்காணிக்கத் தவறியதும், மற்றவர்கள் சொன்னதற்கு ஏற்றபடி செயல்படாததும் முதன்மைக் காரணம் என்றது. மற்ற இருவரும் ஆபத்தின் அளவை முழுதாக உணரவில்லை, அல்லது உணர்ந்ததைக் கேப்டன் மனதில் பதியும்படி சொல்லவில்லை என்பதையும் சேர்த்தது. கேப்டன்கள் குழுவினரைக் கலந்து முடிவெடுக்கவும், மற்றவர்கள் தயங்காமல் உறுதியாகப் பேசவும் பயிற்சி தரப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘உறுதியாகப் பேசுவது’ ஒரு விமானப் பாடமாக அதிகாரபூர்வமாக எழுதப்பட்டது அப்போதுதான் என்று சொல்லலாம்.

எளிதாகத் தோன்றும் அந்தப் பாடம் எவ்வளவு கடினமானது என்பதற்கு நம் அருகிலேயே சாட்சி உண்டு. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். தரையிறங்காமல் மீண்டும் மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. போர்ட்லாந்துக்குப் பின் முப்பத்தோரு ஆண்டுகள் கழிந்திருந்தன. பாடத்திட்டத்தில் ஓர் அத்தியாயமாக இருப்பதும், காக்பிட்டில் நடப்பதும் வேறு வேறு.

பறப்பு முழுவதையும் பயிற்சியாக்குவது

போர்ட்லாந்து விபத்துக்கு முன்பே சிலர் இந்த வழியில் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1970-களின் நடுவில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ், சிமுலேட்டரில் ஒரு பறப்பை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் நடத்திப் பார்த்தது. நாசாவில் ரஃபெல் ஸ்மித் என்ற மருத்துவர் போயிங் 747 சிமுலேட்டரில் 18 குழுக்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். வாஷிங்டனிலிருந்து நியூயார்க், அங்கிருந்து லண்டன். வழியில் ஓர் எஞ்சினில் எண்ணெய் அழுத்தக் கோளாறு, திரும்பி வர வேண்டிய கட்டாயம், எரிபொருளைக் கொட்ட வேண்டிய கணக்கு, இடையே பயணிகள் பகுதியிலிருந்து அழைப்புகள். குழுக்களுக்கிடையே கண்ட வேறுபாட்டுக்குக் காரணம் ஓட்டும் திறமை அல்ல. யார் வேலையைப் பிரித்துக் கொடுத்தார், யார் தகவலைக் கேட்டு வாங்கினார், யார் அவசரப்பட்டுக் கணக்கில் பிழை விட்டார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. முடிவுகள் 1979-இல் வெளியாயின. அதே ஆண்டு ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நாசா நடத்திய பட்டறையில் விமான நிறுவனங்கள் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டன. 1981-இல் யுனைடெட் நிறுவனமே தன் விமானிகள் அனைவருக்கும் குழுப் பயிற்சியைத் தொடங்கியது. சிமுலேட்டரில் முழுப் பறப்பை நடத்தும் முறைக்கு ‘லாஃப்ட்’ என்ற பெயர் நிலைத்தது.

லாஃப்டின் விதிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றவை இவற்றிலிருந்து தானாக வரும். சிமுலேட்டர் நிற்காது, தவறு நடந்தால் அதன் விளைவோடு பறப்பு தொடரும். பயிற்றுநர் குறுக்கிடக் கூடாது. கோபுரமாக, பணிப்பெண்ணாக, தரைப் பணியாளராகக் குரல் கொடுக்கலாம், ஆசிரியராகக் குரல் கொடுக்கக் கூடாது.

சிறிய விமானங்களில் கற்கும் மாணவர்களுக்கு இது வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2000-களின் தொடக்கத்தில், சிரஸ், டயமண்ட் போன்ற திரைக் கருவிகள் கொண்ட விமானங்கள் பள்ளிகளுக்கு வந்தபோது, அமெரிக்க விமான நிர்வாகம் எம்ப்ரி-ரிடில், வடக்கு டகோட்டா பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சூழ்நிலைவழிப் பயிற்சிக்கான ‘ஃபிட்ஸ்’ என்ற திட்டத்தை உருவாக்கியது. மிடில் டென்னசி அரசுப் பல்கலைக்கழகம் அதை மாணவர்களோடு நடத்திப் பார்த்தது. அதன் மதிப்பீட்டு முறை எனக்குப் பிடித்தது. ஒரு செயலை மாணவர் விவரிக்கிறாரா, விளக்குகிறாரா, உதவியோடு செய்கிறாரா, தானாகச் செய்கிறாரா என்று படிகள். முடிவெடுப்பதற்குத் தனிப் படி: தகவலைத் தானே திரட்டித் தானே முடிவெடுக்கிறாரா என்பது. மாணவர் தன்னைத் தானே மதிப்பிட்ட பிறகுதான் பயிற்றுநர் தன் மதிப்பீட்டைக் காட்டுவார்.

ஒரு சிறிய பள்ளியில் இதை எப்படிச் செய்வது

டிசி-8 சிமுலேட்டர் தேவையில்லை. செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்துக்கான சாதாரணப் பயிற்சிக் கருவி போதும். பிற்பகலில் புறப்பட்டு ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஓர் ஊருக்குப் போய், ஒருவரை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும் என்று மாணவரிடம் சொல்லுங்கள். காற்றின் கணிப்பைக் கொடுங்கள். திரும்பும் வழியில் நிஜமான எதிர்க்காற்று கணிப்பைவிடச் சற்றே பலமாக இருக்கும். மாணவருக்கு இரவில் பறக்கும் உரிமை இல்லை. சூரியன் மறையும் நேரத்தை அவரே கணக்கிட்டு எழுதிக் கொடுத்திருப்பார்.

திரும்பும் பயணத்தில் மேலெழுந்து பத்து நிமிடத்தில், வலப்பக்கத்திலிருந்து தட் தட் என்று இடைவிடாமல் அடிக்கும் ஓசை. கைபேசியில் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போடலாம். இது 172-இல் நிஜமாகவே அடிக்கடி நடப்பது: இருக்கைப் பட்டையின் ஒரு முனை கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு, காற்றில் உடற்பகுதியின் மேல் அடிக்கும். ஓசை பயங்கரமாக இருக்கும், ஆபத்து இல்லை. மாணவருக்கு அது தெரியாது. ஏதோ பிய்ந்து தொங்குகிறது என்றே நினைப்பார். பின்னிருக்கையில் பயணியாக அமர்ந்த பயிற்றுநர், மாணவர் எரிபொருள் மானியைப் பார்க்கத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்ன சத்தம் அது? திரும்பிப் போகலாமா? வீட்டுக்குப் போன் பண்ண முடியுமா?

இப்போது பார்க்க வேண்டியது, ஓசையின் காரணத்தை மாணவர் கண்டுபிடிக்கிறாரா என்பதை அல்ல. கண்டுபிடிக்காமலே போகலாம், அதில் குறையில்லை. சுற்றத் தொடங்கும் முன் ‘இத்தனை மணிக்குள் இது தீராவிட்டால் அந்த ஊரில் இறங்கிவிடுவேன்’ என்று ஒரு கெடுவை வாய்விட்டுச் சொல்கிறாரா என்பதைப் பார்க்க வேண்டும். எதிர்க்காற்று கூடியதை எப்போது கவனிக்கிறார், பயணியைப் பணிவாகவும் கண்டிப்பாகவும் பேசாமல் இருக்கச் சொல்கிறாரா, கோபுரத்திடம் உதவி கேட்கிறாரா என்பவையும் அப்படியே.

இரண்டு பேர், மூன்று பேர் குழுவாகக் கற்கும் இடத்தில் 173-இன் ஒலிப்பதிவு எழுத்துவடிவத்தையே பயன்படுத்தலாம். அது அறிக்கையில் பொதுவில் கிடைக்கிறது. மூன்று மாணவர்கள் மூன்று இருக்கையில் அமர்ந்து வாசிக்கட்டும். 5:50-இல் நிறுத்தி, ஃப்ளைட் இன்ஜினியர் இருக்கையில் இருப்பவர் அடுத்துச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘குறைந்துவிடும் சார்’ வகை வாக்கியங்கள்தான் முதலில் வரும். அதையே எண், நேரம், செய்ய வேண்டியது மூன்றும் இருக்கும்படி திருத்தி எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியம் எந்தத் தரையிறக்கத்தையும்விடக் கடினம். அதனால்தான் அதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

ஒத்திகை பார்க்க முடியாதது

சூழ்நிலைப் பயிற்சிக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு: நாளை வரப்போகும் ஆபத்து நாம் எழுதிய கதையில் இல்லாவிட்டால்? 1989 ஜூலை 19 அன்று அதே யுனைடெட் நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானத்தில் அதுதான் நடந்தது. டென்வரிலிருந்து சிகாகோ போன டிசி-10-இன் வால் எஞ்சினில் விசிறித் தட்டு சிதறி, விமானத்தைத் திருப்ப உதவும் திரவ அழுத்த (ஹைட்ராலிக்) அமைப்புகள் மூன்றையும் அறுத்துவிட்டது. திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இப்படி ஒரு நிலைக்குச் செக்லிஸ்ட்டே கிடையாது.

கேப்டன் அல் ஹெய்ன்ஸும் அவருடைய இரு துணைவர்களும் விமானத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தபோது, பயணியாக வந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற டிசி-10 பயிற்சி விமானி உதவ முன்வந்தார். ஹெய்ன்ஸ் அவரை உடனே உள்ளே அழைத்து, இரு எஞ்சின்களின் விசைக் கைப்பிடிகளையும் அவரிடம் ஒப்படைத்தார். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து விமானத்தைத் திருப்பினார்கள். 44 நிமிடம் போராடி அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்தை எட்டினார்கள். தரையைத் தொட்டபோது விமானம் உடைந்து எரிந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில் அதே நிலையைத் திரும்பத் திரும்ப முயன்று பார்த்தார்கள். ஓடுபாதையில் குறித்த இடத்தில் இறக்குவது தற்செயலைத்தான் நம்பியிருக்கிறது, இதற்குப் பயிற்சி தருவது நடைமுறையில் இயலாது என்று வாரியம் முடிவு செய்தது.

அந்த நால்வரும் ஒத்திகை பார்த்திருந்தது அந்தக் கோளாறை அல்ல. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, யாரிடம் எது இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்குவதை ஒத்திகை பார்த்திருந்தார்கள். தாம் பெற்ற குழுப் பயிற்சி இல்லாவிட்டால் அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று ஹெய்ன்ஸ் பின்னர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். இவர்களுக்குக் கிடைத்த பயிற்சிக்கு ஒரு காரணம் போர்ட்லாந்து.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கதையாக்கிக் கற்பிக்க முடியாது. ஸ்டாலிலிருந்து, அதாவது மூக்கு அதிகம் உயர்ந்து இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலையிலிருந்து, மீள்வதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்துதான் கற்க வேண்டும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இல் 228 பேர் இறந்தார்கள். ஸ்டால் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்க, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் உயர்த்தியே வைத்திருந்தார்கள். உயரத்தையும் வேகத்தையும் இன்னும் பிடித்து வைக்கத் தெரியாத மாணவரைச் சூழ்நிலைப் பயிற்சியில் இறக்கினால், அவர் எதையும் முடிவெடுக்கக் கற்கமாட்டார், பயப்படத்தான் கற்பார்.

இன்னொரு கேடு, கதை கசிவது. ஒரே சூழ்நிலையை ஆண்டு முழுதும் நடத்தினால், எந்த இடத்தில் எந்தக் கோளாறு வரும் என்று மாணவர்களுக்குள் பேச்சு பரவிவிடும். அப்புறம் நடப்பது நாடகம். கோளாறு மேல் கோளாறாகக் குவிப்பதும் அதே அளவு கெடுதல். போர்ட்லாந்தில் கெட்டது ஒரு சக்கரத்தின் தண்டும் அதன் விளக்கின் இணைப்பும் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது.

பறப்பு முடிந்தபின் நடக்கும் உரையாடலில்தான் பெரும்பாலான பள்ளிகள் கோட்டை விடுகின்றன. 1990-களில் விமான நிறுவனங்களின் லாஃப்ட் உரையாடல்களை நாசா ஆய்வாளர்கள் பதிவு செய்து பார்த்தபோது, விமானிகள் பேச வேண்டிய இடத்தில் பயிற்றுநர்களே அதிகம் பேசியது தெரிந்தது. செஸ்னா பயிற்சிக்குப் பிறகு நான் சொல்லும் முறை இது. பயிற்றுநர் முதலில் வாயைத் திறக்கக் கூடாது. மாணவர் பறப்பை நேர வரிசையில் சொல்லட்டும், சொல்லும்போதே எதிர்க்காற்று கூடிய இடத்தையும் தான் அதைக் கவனித்த இடத்தையும் வரைபடத்தில் குறிக்கட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள நிமிடங்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். மௌனம் நீண்டாலும் பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் ஓசையை எடுத்துவிட்டு வேறொரு சிறு தொல்லையை வையுங்கள், எதிர்க்காற்றுக்குப் பதில் மூடுபனியை வையுங்கள், மாணவர் தன் கெடுவை எந்த நிமிடத்தில் சொல்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.